ஏகாம்பரத்தை எந்த அட்டையில் ஒட்டுவது?

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் உதவுகிற மாதிரி என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் துறைத்தலைவி இரண்டு மாதமாக என்னைத் துரத்துகிறார். அவர் என் மாணவி. வகுப்பில் கேள்வியே கேட்காத பெண், இப்போது போன் மேல் போன் போட்டுக் கேட்கிறார். தட்ட முடியவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தெளிவு கிடைக்கும் என்று நினைத்து இதைப் படிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஓய்வு பெற்ற அன்று ஒன்றுமே புரியவில்லை. முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு குழம்பியவள் நான், அவ்வளவுதான்.

'சமயமும் தத்துவமும்: அடிப்படைக் கலைச்சொற்கள்' என்ற தாளை உங்களில் ஒருவர் தலையில்தான் கட்டப்போகிறார்கள். புதிதாக வந்தவர் தலையில் கட்டுவதுதான் துறையின் வழக்கம். ஆத்திகம், நாத்திகம், சடங்கு, வழிபாடு, புனிதம், தொன்மம் என்று முப்பது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வரையறை. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், நாம் மதிப்பெண் போடுவோம். அதில் ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்து எங்கே தொடங்குகிறது என்றால், நமக்கு உற்சாகம் வரும்போது.

எனக்கு அந்த உற்சாகம் முதல் வருஷமே வந்தது. முப்பது சொற்களையும் வண்ண அட்டைகளில் எழுதி, படம் ஒட்டி, வகுப்பறைச் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தேன். அப்போதிருந்த துறைத்தலைவர் உள்ளே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி அட்டைக்கு வந்ததும், "நல்லா இருக்குதும்மா. ஆனா பூச்சியப் புடிச்சி குண்டூசில குத்தி வெக்கிற வேலை விலங்கியல் துறையோடது. அவங்க மாடியில இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொறாமை பிடித்த மனிதர் என்று நினைத்தேன். அன்று வீட்டில் சாப்பிடவும் இல்லை. அவர் சொன்னது என்ன என்பது எனக்குப் புரிய, அவர் ஓய்வு பெற்று, நானும் ஓய்வு பெறும் வயதுக்கு வரவேண்டியிருந்தது.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது நடந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்குக் களப்பணி கொடுத்திருந்தேன். முப்பதில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வரையறைக்குப் பொருந்தும் ஒரு மனிதரைத் தன் தெருவில் கண்டுபிடித்து, அவரோடு பழகி, பத்துப் பக்கம் எழுத வேண்டும். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? பெரிய காஞ்சிபுரத்தில் பாதி வகுப்பு, சின்ன காஞ்சிபுரத்தில் பாதி வகுப்பு. பக்திக்கு மட்டும் பதினோரு பேர் போட்டி போட்டார்கள்.

நாத்திகத்தை எடுத்தவள் ஒருத்திதான், அறிவுக்கொடி. அவள் ஆள் தேடி அலையவில்லை. அவள் அப்பா ஏகாம்பரம் ஊரறிந்த நாத்திகர். சாமி பெயரை வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று சாமி இல்லை என்று முப்பது வருஷமாகப் பேசுகிறவர். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர், மற்றவர்களுக்கும் அப்படிச் செய்துவைக்கிறவர். மனைவி வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவார், இவர் வாசல்வரை கொண்டுவிட்டுவிட்டு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். தொழில் பட்டு நெசவு.

அவள் எழுதிய பத்துப் பக்கத்தில் ஒன்பது பக்கம் நான் எதிர்பார்த்ததுதான். பத்தாவது பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள். பழைய பாவின் முனைகளோடு புதுப் பட்டு இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவதைப் பாவு பிணைப்பது என்பார்கள். அந்த நீள இழைகள் தறியில் ஏறினால்தான் அடுத்த புடவை தொடங்கும். பாவு பிணைத்து முடித்த அன்று அப்பா கால் கழுவிக்கொண்டு வருவார், தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், முதல் இழை ஓடும்வரை யாரோடும் பேச மாட்டார். ஒரு புடவைக்கும் இது தவறியதில்லை. கூடவே, அவர் குனிந்து தறியைத் தொடும்போது போனில் எடுத்த படமும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாத்திகருக்குள் ஆத்திகர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். சிவப்பு மையில், "இது நாத்திகம் ஆகாது. வரையறைக்குள் வராது. இது சடங்கு" என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். துறைக் கண்காட்சிக்கு அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, 'சடங்கு: நாத்திகர் வீட்டிலும்!' என்று தலைப்புப் போட்டு, கீழே அவர் பெயரையும் தெருவையும் எழுதிச் சுவரில் ஏற்றினேன்.

அறிவுக்கொடி தயங்கினாள். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்றாள். "நல்லதாத்தானேம்மா போடறோம், சந்தோஷப்படுவாரு" என்று நானே பதிலும் சொல்லிவிட்டேன். அவள் சரி என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

அந்த அட்டையைப் போனில் எடுத்து ஒரு மாணவன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தான். மறுநாள் காலையில் அது டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏகாம்பரத்தின் கூட்டாளி ஒருவர், "என்னா தோழரே, தறிக்கு கற்பூரம் காட்டியாச்சா?" என்று கேட்க, கடையே சிரித்திருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க அறிவுக்கொடி வகுப்புக்கு வரவில்லை. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு, வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அன்று வராவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். சனிக்கிழமை காலையில் போன் செய்தேன். எடுத்ததும் அழுதாள்.

"தறி ஓடல மேடம். அப்பா பாவு பிணைச்சி ஆறு நாள் ஆவுது. தெனம் போய் பக்கத்துல உக்காந்துக்கினு எழுந்து வந்துடறாரு. நான் எழுதனதாலதான் மேடம். தறி ஓடறவரைக்கும் நான் காலேஜுக்கு வரமாட்டேன்."

"அப்பா போகவேண்டாம்னு சொன்னாரா?"

"அவரு ஒண்ணுமே சொல்லல மேடம். சொன்னாகூட பரவால்ல."

அட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சடங்கு என்ற சொல்தான் தப்பு, வேறு சரியான சொல்லைக் கொடுத்தால் அந்த மனிதர் எழுந்துவிடுவார் என்று யோசித்தேன். நோய் என்னவென்று தெரியாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக் கொடுக்கிற டாக்டர் மாதிரி. 'மரியாதை', 'வழக்கம்' என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் அவர்கள் தெரு. வீட்டுக்கு வீடு தடக் தடக் என்று தறிச் சத்தம். அந்த ஒரு வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. கதவு எண்ணைப் பார்க்காமலே வீட்டைக் கண்டுபிடித்தேன்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் உள்ளே போனேன். ஏகாம்பரம் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க. கொடி, டீச்சருக்குத் தண்ணி கொண்டா" என்றார். தறியில் அரக்குச் சிவப்பில் பட்டு இழைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஆறு நாளாக அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

"என் மேல கோவமா இருப்பீங்க. தப்பு என்னோடதுதான். உங்களக் கேக்காம..."

"கோவம் இல்லம்மா. கோவமா இருந்தா ரெண்டு சத்தம் போட்டுட்டு தறில உக்காந்துருப்பேன். டீக்கடைல கலாய்ச்சதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. நான் அவன எவ்ளோ கலாய்ச்சிருக்கறேன்."

"அப்போ ஏன்..."

"பாவு பிணைச்சி முடிச்சேன். கால் கழுவிக்கினு வந்தேன். கைய நீட்டனேன்." கையை நீட்டியே காட்டினார். "அப்படியே நிக்குது. நீங்க எழுதனது கண்ணு முன்னால வந்துடுச்சி. இத்தினி வருஷமா இந்தக் கை எதையும் யோசிச்சது இல்லம்மா. இப்போ யோசிக்குது."

அவர் மனைவி அடுக்களையிலிருந்து, "தொடாம ஏறி உக்காருய்யான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். முகூர்த்தப் புடவை டீச்சர், பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டுக்கினே இருக்கறாங்க" என்றார்.

"உக்காந்தும் பாத்தேன். வேற யாரோ வூட்டுத் தறில ஏறி உக்காந்த மாதிரி இருக்குது. எறங்கிட்டேன்."

நான் கொண்டுபோன சரக்கை அவிழ்த்தேன். "நீங்க செய்யறது சடங்கு இல்லைங்க. அது ஒரு மரியாதை" என்றேன்.

"யாருக்கு மரியாதை? மரத்துக்கா?"

"உங்க உழைப்புக்கு."

"என் உழைப்பு என் கையில இருக்குது. அதுக்கு நான் ஏன் தறியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கணும்?"

"சரி, வழக்கம்னு வெச்சிக்கலாமே. பழகிப்போன ஒண்ணு."

அவர் சிரித்தார். "வழக்கம்னு செய்யறதுதான் மூடத்தனம்னு மேடை போட்டு பேசறவன்மா நான். என் வார்த்தைய எடுத்து என்னையே அடிக்கிறீங்களே?"

என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில்கூட யாரும் என்னை இப்படிக் கேட்கவில்லை. அவர் குதர்க்கம் பேசவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது.

"நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. தொட்டா நான் யாரு? தொடலன்னா நான் யாரு? தொட்டா மேடையில பேசனது எல்லாம் பொய்யா? தொடலன்னா, இத்தினி வருஷம் தொட்டனே, அது யாரு?"

முப்பது சொல்லும் மண்டைக்குள் ஓடின. ஒன்றும் நிற்கவில்லை. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கொடி கொண்டுவந்து தந்த தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். மடியில் இருந்த அட்டை நழுவிக் கீழே விழுந்து விரிந்தது. எடுக்கப்போன அவசரத்தில் அதன் மேலேயே கால் பட்டுவிட்டது. குனிந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏகாம்பரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ என்னம்மா பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"கால் பட்டுச்சி. அட்டையத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினீங்க."

செய்திருக்கிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. காகிதத்தில் கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது நம் எல்லோர் கையிலும் இருப்பதுதானே? சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேனோ, ஒரு முறையாவது யோசித்திருக்கிறேனா?

"அதுல என் போட்டோதானே இருக்குது? என்னையா கும்பிட்டீங்க?"

"ஐயய்யோ, இல்லைங்க!"

"அப்போ யார? காகிதத்தையா? சரஸ்வதியவா?"

நான் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் ஸ்கெட்ச் பேனாவில் நானே எழுதிய அந்த அட்டைக்குள் சரஸ்வதி இருப்பதாக நான் நம்புகிறேனா? நம்பவில்லை. அப்படியானால் அடுத்த முறை கால் பட்டால் சும்மா போய்விடுவேனா? போக மாட்டேன். போகவே முடியாது. ஏன் முடியாது? அடுக்களை வாசலில் அறிவுக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இதுக்கு எந்த அட்டைம்மா?" என்றார் ஏகாம்பரம். கிண்டல் இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியலைங்க."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். எனக்குத் தெரியல."

"ரிட்டயர் ஆவற வயசாச்சி. இன்னும் தெரியாமத்தான் செஞ்சிக்கினு இருக்கறீங்களா?"

"தெரியாமத்தாங்க செஞ்சிக்கினு இருக்கேன்."

வகுப்பில் நான் 'தெரியாது' என்று சொன்னதே இல்லை. நாளை சொல்கிறேன் என்பேன், அது பாடத்திட்டத்தில் இல்லை என்பேன். அன்று அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அவர் தறிப் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஈரக்காலோடு திரும்பி வந்து, "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க" என்றார்.

"நானுமா?" என்றார் மனைவி.

"நீயுந்தான். கொடி, நீயும் போ."

நாங்கள் மூன்று பேரும் தெருவில் வந்து நின்றோம். கதவை ஒருக்களித்துச் சாத்தினார், ஆனால் ஜன்னல் திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தால் தறி தெரியும். நான் முப்பது வருஷம் தத்துவம் நடத்தியவள். எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அவர் மனைவி என் முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினார். "இந்தப் பக்கம் வாங்க டீச்சர், அங்க வெயில் அடிக்குது" என்றார். வெயில் எங்கள் மூன்று பேர் முகத்திலும்தான் அடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. அறிவுக்கொடி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரிந்திருக்காது. அப்புறம் தடக் என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி தடக். பிறகு நிற்கவில்லை. அந்தப் பெண் தெரு என்றும் பார்க்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன், இதில் என்ன இருக்கிறது.

நான் விடைபெறும்போது அவர் தறியை விட்டு எழவில்லை. அட்டையை என்ன செய்ய என்று கேட்டேன். "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். குண்டூசி குத்திய ஓட்டைகளோடு அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அறிவுக்கொடி வந்தாள். பத்தாவது பக்கத்தை மாற்றி எழுதியிருந்தாள். சடங்கு என்று நான் சிவப்பு மையில் எழுதியதையும் சேர்த்து, ஆறு நாள் தறி நின்றதையும், மறுபடி ஓடியதையும் அப்படியே எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் 'தேர்ந்தெடுத்த சொல்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

வெளித்தேர்வாளர் கண்டிப்பான மனிதர். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. முக்கியமான தகவல் விடுபட்டிருக்கிறதே. கடைசியில் உங்கள் தந்தை தறியைத் தொட்டாரா, இல்லையா?"

"தெரியாது சார். நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன்."

"வீட்டில் கேட்டிருக்கலாமே?"

"கேக்கல சார்."

அவர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன மேடம் இது? வழிகாட்டி நீங்கள். நீங்களாவது பார்த்தீர்களா?"

"நானும் வெளியில்தான் நின்றேன்" என்றேன்.